நுரையீரல் பிரஷர்: எந்த ஸ்கேன் எதற்கு?

எக்கோ ரிப்போர்ட்டில் 'பி.ஏ.எச்.' என்ற எழுத்துகளைப் பார்த்துப் பதறியவர்கள், சி.டி. எடுத்த பிறகும் இன்னொரு ஸ்கேனுக்கு ஏன் எழுதிக் கொடுக்கிறார்கள் என்று குழம்பியவர்கள் பலர் எழுதியிருந்தார்கள். அதனால் இந்த இதழில் பி.ஏ.எச்., அதாவது நுரையீரல் தமனி உயர் அழுத்தம் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இடம். நுரையீரல், இதயம், ரேடியாலஜி, அணு மருத்துவத் துறை டாக்டர்கள் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

எனக்கு வயது 46. கையில் பிரஷர் பார்த்தால் 120/80தான். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று எக்கோ எடுத்தேன். 'ஆர்.வி.எஸ்.பி. 42, மைல்டு பி.ஏ.எச்.' என்று வந்திருக்கிறது. பிரஷரே இல்லாதவனுக்கு இது எப்படி வரும்? மாத்திரை ஆரம்பிக்க வேண்டுமா?
– வாசகர், கோவில்பட்டி

கையில் பட்டை கட்டிப் பார்ப்பது, இதயத்தின் இடது பக்கம் உடம்பு முழுவதற்கும் அனுப்பும் ரத்தத்தின் அழுத்தம். வலது கீழறை நுரையீரலுக்கு அனுப்பும் ரத்தம் தனிச் சுற்று. அங்கே ஆரோக்கியமானவருக்குச் சராசரி அழுத்தம் 14 மி.மீ. பாதரசம் அளவில்தான் இருக்கும். ஒன்று நார்மலாக இருந்து மற்றது ஏறியிருப்பது சாதாரணமாக நடக்கக் கூடியது.

ஆர்.வி.எஸ்.பி. என்பது வலது கீழறையின் உச்ச அழுத்தம். உங்கள் 42 யாரும் நேரில் அளந்த எண் கிடையாது. கணக்குப் போட்டு வந்தது. வலது கீழறை சுருங்கும்போது மூவிதழ் வால்வு வழியாகக் கொஞ்சம் ரத்தம் பின்னோக்கிக் கசியும். அந்தக் கசிவின் வேகத்தை டாப்ளரில் பிடித்து, அதன் வர்க்கத்தை நான்கால் பெருக்கி, வலது மேலறையின் அழுத்தம் இவ்வளவு இருக்கலாம் என்று ஓர் எண்ணைக் கூட்டுவார்கள். வேகம் நொடிக்கு 2.9 மீட்டர் என்றால் வர்க்கம் 8.41, நான்கு மடங்கு சுமார் 34. மேலறைக்கு 8 கூட்டினால் 42. அதே வேகத்துக்கு 3 மட்டும் கூட்டியிருந்தால் 37. 15 கூட்டியிருந்தால் 49. ஒரே அலைக்கு மூன்று விடை! அதனால்தான் ஆர்.வி.எஸ்.பி.யை விட, ரிப்போர்ட்டில் 'டி.ஆர். வெலாசிட்டி' என்று இருக்கும் கசிவு வேகத்தைப் பாருங்கள் என்கிறோம். 2.8 வரை, வேறு அறிகுறி இல்லையென்றால் சந்தேகம் குறைவு. 2.9 முதல் 3.4 வரை நடுத்தரம். 3.4க்கு மேல் சந்தேகம் பலமானது.

வேகத்தோடு வேறு சிலவும் பார்க்க வேண்டும். வலது கீழறை இடதை விடப் பெரிதாகியிருக்கிறதா, நடுச்சுவர் இடது பக்கம் அழுந்தி ஆங்கில 'டி' எழுத்து மாதிரித் தட்டையாகியிருக்கிறதா, வலது மேலறையின் பரப்பு 18 சதுர செ.மீ.க்கு மேலா, கீழ்ப் பெருஞ்சிரை 21 மி.மீ.க்கு மேல் விரிந்து மூச்சு இழுத்தாலும் சுருங்காமல் நிற்கிறதா? இவை எதுவும் உங்கள் ரிப்போர்ட்டில் இல்லையென்றால் 42ஐ வைத்து மட்டும் பயப்பட வேண்டாம். ரத்தசோகை, தைராய்டு மிகைச் சுரப்பு, காய்ச்சல் இருக்கும்போது ரத்த ஓட்டம் வேகமெடுத்து எண் கூடுதலாகத் தெரியும். ஹீமோகுளோபின், தைராய்டு பாருங்கள். குறட்டை பலமாக விட்டால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று. நோய் உண்டு என்று சொல்வதற்கான வரையறை, குழாய் செலுத்தி அளந்த சராசரி அழுத்தம் 20க்கு மேல் என்பது. 2018ல் நிபுணர் மாநாடு மாற்றும் வரை இது 25 ஆக இருந்தது. எக்கோ தருவது உச்ச அழுத்தம், இது சராசரி. 42ஐ 20ஓடு ஒப்பிட்டுப் பார்த்து 'இரண்டு மடங்கு' என்று முடிவுகட்டாதீர்கள். எக்கோவை மட்டும் வைத்து இந்த நோய்க்கான மாத்திரையை ஆரம்பிக்கவே கூடாது.

அம்மாவுக்கு 58 வயது. எக்கோவில் பிரஷர் 70 என்றார்கள். கான்ட்ராஸ்ட் சி.டி.யில் 'ரத்தக் கட்டி எதுவும் இல்லை, மெயின் பி.ஏ. (நுரையீரலின் முதன்மைத் தமனி) 33 மி.மீ.' என்று வந்தது. இப்போது 'வி.க்யூ. ஸ்கேன்' வேண்டும் என்கிறார் டாக்டர். சி.டி.யில் தெரியாததா இதில் தெரியப் போகிறது? கதிரியக்கம் என்பதால் அம்மா பயப்படுகிறார்.
– வாசகி, தஞ்சாவூர்

உங்கள் டாக்டர் சரியாகத்தான் கேட்கிறார். இந்த நோயில் மிக அதிகமாகத் தவறவிடப்படும் ஸ்கேன் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

நுரையீரலில் அழுத்தம் ஏறக் காரணங்களை ஐந்து பிரிவாகப் பிரிக்கிறார்கள். சிறு தமனிகளே தடித்துப் போவது முதல் பிரிவு. இடது பக்க இதயக் கோளாறு இரண்டாவது. நுரையீரல் நோய் மூன்றாவது. பழைய ரத்தக் கட்டி தழும்பாகி அடைத்துக்கொண்டிருப்பது நான்காவது. மற்றவை ஐந்தாவது. இதில் நான்காவதற்குத்தான் அடைப்பை அறுவை செய்து எடுத்து, பலரைக் கிட்டத்தட்ட முழுதாகவே குணமாக்க முடியும். அதைக் கண்டுபிடிக்காமல் விட்டு முதல் பிரிவுக்கான மாத்திரையை ஆண்டுக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருந்தால், கிடைக்க வேண்டிய வாய்ப்பே போய்விடும்.

சி.டி. ஏன் போதாது? புதிய கட்டி குழாயின் நடுவே கருப்பாக நிற்கும், பளிச்சென்று தெரியும். பழைய கட்டி அப்படி இராது. சுவரோடு ஒட்டிப் பிறை வடிவில் படிந்திருக்கும், வலைபோல மெல்லிய இழையாகக் குறுக்கே ஓடும், அல்லது கிளைக் குழாய் திடீரென்று ஒடுங்கி முடிந்துவிடும். கிளை சிறியதாகச் சிறியதாக இது கண்ணில் படாது. 2007ல் லண்டன் டாக்டர்கள் 227 நோயாளிகளிடம் இரண்டு ஸ்கேனையும் ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில், நான்காம் பிரிவு நோயைப் பிடிப்பதில் வி.க்யூ. 96 முதல் 97 சதவீதம், சி.டி. 51 சதவீதம் என்று வந்தது. அதன் பிறகு சி.டி. மெஷின்கள் நிறைய முன்னேறிவிட்டன. பழகிய கண் பார்த்தால் இன்று சி.டி. இதை விட நன்றாகவே பிடிக்கும். ஆனாலும் 2022ல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல், காரணம் தெரியாத உயர் அழுத்தத்துக்கு வி.க்யூ.வைத்தான் முதலில் வைக்கிறது.

தஞ்சாவூர்க்காரருக்குச் சொல்வதானால், வாய்க்காலில் எங்கே அடைப்பு என்று தேடுவது சி.டி. எந்த வயலுக்குத் தண்ணீர் பாயவில்லை என்று காட்டுவது வி.க்யூ. அடைப்பு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் காய்ந்த வயல் தெரிந்துவிடும்.

அந்த அறையில் என்ன நடக்கும்? முதலில் 'வி', அதாவது காற்றோட்டம். மூக்கை கிளிப்பால் மூடி, வாயில் வைத்த குழாய் வழியாகச் சில நிமிடம் டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த மெல்லிய ஆவியை உள்ளிழுக்கச் சொல்வார்கள். காமா கேமராவில் படம் எடுப்பார்கள். அடுத்து 'க்யூ', ரத்த ஓட்டம். கை நரம்பில் ஊசி. இதில் இருப்பது டெக்னீசியம் ஒட்டிய அல்புமின் துகள்கள். பெரும்பாலும் 10 முதல் 90 மைக்ரான் அளவு. நுரையீரலின் நுண்குழாய்களை விடப் பெரியவை என்பதால், ரத்தம் எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் போய்ச் சிக்கி நிற்கும். கேமரா அதைப் படம் பிடிக்கும். சில மணி நேரத்தில் துகள்கள் உடைந்து கரைந்துவிடும். டெக்னீசியத்தின் அரை ஆயுள் 6 மணி நேரம்தான்.

'குழாயை அடைக்கும் துகளா?' என்று அம்மா கேட்டால் நியாயமான கேள்விதான். வழக்கமாகப் பெரியவர்களுக்கு 2 முதல் 7 லட்சம் துகள் போகும். நுரையீரலில் நுண்குழாய்கள் கோடிக்கணக்கில் இருப்பதால் அடைபடுவது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் அழுத்தம் ஏற்கெனவே மிக அதிகமாக இருப்பவர்களுக்குத் துகளின் எண்ணிக்கையை 1 முதல் 2 லட்சமாகக் குறைக்க வேண்டும். இதயத்தில் ஓட்டை இருந்து ரத்தம் வலமிருந்து இடம் பாய்பவர்களுக்கும் அப்படியே. இல்லையென்றால் துகள் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போய்ச் சேரும். அதனால் எக்கோ ரிப்போர்ட்டைக் கட்டாயம் கையில் எடுத்துப் போய், ஊசி போடும் முன்பே 'பிரஷர் 70' என்று அங்கே சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியத்தை நோயாளி தரப்பில் சொல்லாமல் விடுவது அடிக்கடி நடக்கிறது.

தவறு நேரும் இடங்கள் சில உண்டு. ஊசியைப் படுக்க வைத்துத்தான் போட வேண்டும். உட்கார்ந்திருந்தால் ரத்தம் நுரையீரலின் அடிப்பகுதிக்கே இறங்கி, மேல்பகுதி வெறுமையாகத் தெரியும். சிரிஞ்சுக்குள் ரத்தத்தை இழுத்துவிட்டால் துகள்கள் ரத்தத்தோடு சேர்ந்து சிறு கட்டிகளாகி, படத்தில் ஆங்காங்கே பளிச்சென்ற புள்ளிகள் விழும். மூச்சுக்குழாய் ஒடுங்கியவர்களுக்கு ஆவி நடுவிலேயே படிந்துவிடுவதால் 'வி' படம் குழம்பும். அவர்களுக்கு முன்னதாக இன்ஹேலர் கொடுத்துச் சளியைத் தெளிவித்துவிட்டு எடுப்பது நல்லது.

முடிவைப் படிக்கும் விதம் இது: காற்று போகிறது, ரத்தம் போகவில்லை, அந்த இடமும் ஆப்பு வடிவில் ஒரு முழுப் பிரிவாக இருக்கிறது என்றால் 'மிஸ்மேட்ச்' என்று எழுதுவார்கள். இரண்டுமே போகவில்லை என்றால் அது 'மேட்ச்', பெரும்பாலும் நுரையீரல் நோய். ரத்த ஓட்டப் படம் முழுக்க நார்மல் என்றால் பழைய கட்டி நோய் இல்லை என்று நம்பிக்கையோடு சொல்லலாம். காற்றோட்டப் பகுதிக்கு வசதி இல்லாத இடத்தில், ரத்த ஓட்டப் படத்தை மட்டும் எடுத்து எக்ஸ்ரே அல்லது சி.டி.யோடு சேர்த்துப் பார்ப்பதும் உண்டு.

கதிர் அளவு சுமார் 2 மில்லிசீவர்ட். நாம் எல்லோரும் இயற்கையிலிருந்து ஓராண்டில் பெறுவது உலக சராசரியாக 2.4. நீங்கள் ஏற்கெனவே எடுத்த சி.டி. பெரும்பாலும் இதை விட அதிகம். வெறும் வயிறு தேவையில்லை. அயோடின் மருந்து இல்லாததால் சிறுநீரகம் பாதித்துக் கிரியாட்டினின் கூடியவர்களுக்கும் எடுக்கலாம். முழு வேலைக்கும் ஒரு மணி நேரம் போல ஆகும். கைகளைத் தலைக்கு மேல் தூக்கிக் கால் மணி நேரம் படுத்திருக்க வேண்டும். அம்மாவுக்குத் தோள்வலியோ, மல்லாந்து படுத்தால் மூச்சுத் திணறலோ இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். இது எல்லா ஸ்கேன் சென்டரிலும் இருக்காது, காமா கேமரா உள்ள அணு மருத்துவப் பிரிவில்தான். மருந்தை அன்றன்றைக்குத் தயாரிப்பார்கள் என்பதால் கொடுத்த நேரத்தைத் தவறவிடாதீர்கள்.

குழந்தைக்கு ஐந்து மாதம், தாய்ப்பால் கொடுக்கிறேன். வி.க்யூ. ஸ்கேன் எடுக்கலாமா?
– வாசகி, நாமக்கல்

எடுக்கலாம். கிளம்பும் முன் பால் கொடுத்துவிடுங்கள். முடிந்தால் இன்னொரு வேளைக்குப் பாலைப் பீய்ச்சி ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளுங்கள். ஊசி போட்டதிலிருந்து 12 மணி நேரம் வரும் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட வேண்டும். பிறகு வழக்கம்போலக் கொடுக்கலாம். அந்த நேரத்தில் குழந்தையை நீண்ட நேரம் மார்போடு அணைத்து வைத்திருப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பமாக இருப்பவர்களுக்கு அவசியம் என்றால் காற்றோட்டப் பகுதியை விட்டுவிட்டு, குறைந்த அளவு மருந்தில் ரத்த ஓட்டப் படம் மட்டும் எடுப்பார்கள்.

கணவருக்கு 41 வயது. போன வருடம் காலில் ரத்தம் கட்டி, அது நுரையீரலுக்கும் போய்விட்டது. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு நிறுத்தினோம். நன்றாகத்தான் இருந்தார். இப்போது சைக்கிள் மிதித்தால் மூச்சு இரைக்கிறது. மறுபடியும் சி.டி. எடுத்தால் போதுமா?
– வாசகி, திருப்பூர்

இதைத் தள்ளிப்போடாதீர்கள். நுரையீரலில் கட்டி வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது கரைந்துவிடும். 100ல் சுமார் 3 பேருக்குக் கரையாமல் தழும்பாகி, நாள்பட்ட அடைப்பாக நின்று அழுத்தத்தை ஏற்றும். இடையில் சில மாதம் நன்றாக இருந்துவிட்டுப் பிறகு மூச்சு வாங்க ஆரம்பிப்பது இந்த நோயின் வழக்கம்தான். புதிய கட்டி வந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. இரைப்பு திடீரென்று கூடினாலோ, நெஞ்சு வலி, மயக்கம், கால் வீக்கம் சேர்ந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். இல்லையென்றால் இந்த வாரமே டாக்டரைப் பார்த்து எக்கோவும் வி.க்யூ.வும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

நாள்பட்ட அடைப்பு என்று முடிவுசெய்ய ஒரு விதி உண்டு. ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரையைக் குறைந்தது மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிட்ட பிறகும் அடைப்பு தெரிய வேண்டும். கட்டி வந்த புதிதிலேயே ஸ்கேன் எடுத்தால் இன்னும் கரையாத புதிய கட்டியையும் பழையது என்று எண்ணிவிடுவோம். உங்கள் கணவர் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். மாத்திரையை மறுபடி தொடங்குவது பற்றி டாக்டர் முடிவெடுப்பார். தொடங்கினால் ஸ்கேனுக்காக நிறுத்தத் தேவையில்லை.

போன வருடத்து சி.டி. ஸ்கேன் படங்கள் பதிவான குறுந்தட்டையும் எடுத்துப் போங்கள், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. அன்றைக்கு 'புதிய கட்டி' என்று எழுதிய படத்தில் பழைய நோயின் தடயம் இருந்திருக்கலாம். சுவரோடு ஒட்டிய படிவு, இழைகள், வலது கீழறையின் சுவர் தடித்திருப்பது, மூச்சுக்குழாய்த் தமனிகள் பருத்திருப்பது, நுரையீரலில் வெளிறலும் கருமையும் கலந்த திட்டுகள் ஆகியவை அந்தத் தடயங்கள். அன்றைய எக்கோவில் உச்ச அழுத்தம் 60க்கு மேல் என்று இருந்தால் அதுவும் ஒரு குறிப்பு. திடீரென்று அடைத்த குழாய்க்கு எதிராகப் பழக்கமில்லாத வலது கீழறையால் அவ்வளவு அழுத்தத்தை எழுப்ப முடியாது. அப்படி எழுப்புகிறது என்றால் அது பல மாதமாகவே பழகியிருக்கிறது.

புதிதாக சி.டி. எடுக்கும்போது அது நுரையீரல் தமனிக்கென்று எடுத்ததாக இருக்கட்டும். முழங்கை மடிப்பில் 18 அல்லது 20 கேஜ் ஊசி, நொடிக்கு 4 முதல் 5 மி.லி. வேகத்தில் கான்ட்ராஸ்ட் மருந்து, 1 மி.மீ. அளவிலான மெல்லிய வெட்டுகள் வேண்டும். புறங்கையில் மெல்லிய ஊசி குத்தி மெதுவாகச் செலுத்தினால் குழாய் சரியாக நிரம்பாது. 'மூச்சை இழுத்துப் பிடி' என்றதும் பலர் பலமாக இழுத்துவிடுவார்கள். அப்போது மருந்து கலக்காத ரத்தம் கீழிருந்து பாய்ந்து வந்து மருந்தை நீர்த்துப்போகச் செய்துவிடும். குழாய் மங்கலாகத் தெரிந்து, இல்லாத கட்டி இருப்பதுபோலவும் இருக்கும் கட்டி தெரியாமலும் போகும். சாதாரணமாக மூச்சு விட்டு அப்படியே நிறுத்தினால் போதும். அழுத்தம் ஏறியவர்களுக்கு ரத்தம் மெதுவாக நகர்வதால், நேரத்தைக் கணக்குப் போட்டு எடுக்காமல், தமனியில் மருந்து வந்து சேர்வதை மெஷினே கண்காணித்து எடுக்கும் முறையைத்தான் கையாள வேண்டும்.

மிஸ்மேட்ச் வந்தாலே பழைய கட்டி என்று எழுதிவிடவும் கூடாது. தமனிச் சுவரே அழன்று ஒடுங்கும் தக்காயாசு நோய், அபூர்வமாகத் தமனியில் வரும் புற்றுநோய் எல்லாம் இதே படத்தைத் தரும். அதனால்தான் வி.க்யூ.வுக்குப் பிறகு சி.டி. அல்லது நேரடி ஆஞ்சியோவும், குழாய் வழி அழுத்த அளவீடும் தேவைப்படுகின்றன.

உறுதியானால் வழிகள் மூன்று. பெரிய கிளைகளில் அடைப்பு என்றால் அறுவை. நெஞ்செலும்பைத் திறந்து, உடலை 18 முதல் 20 டிகிரி வரை குளிர்வித்து, ரத்த ஓட்டத்தை ஒரு முறைக்கு 20 நிமிடம் போல நிறுத்தி, தமனியின் உள்தோலோடு சேர்த்து அடைப்பை உரித்தெடுப்பார்கள். இந்தியாவில் சில மையங்கள் மட்டுமே இதைத் தொடர்ந்து செய்கின்றன. 'அறுவைக்கு ஏற்றதில்லை' என்று பழக்கமில்லாத இடத்தில் சொன்னால், அப்படிப்பட்ட ஒரு மையத்தில் படத்தைக் காட்டிவிட்டுத்தான் ஏற்க வேண்டும். சிறு கிளை என்றால் பலூன் விரிப்பு, சில வார இடைவெளியில் பல தடவை. அறுவை முடியாதவர்களுக்கும் அறுவைக்குப் பின்னும் அழுத்தம் மிஞ்சியவர்களுக்கும் தமனியை விரிக்கும் ரியோசிகுவாட் மாத்திரை. இதை, அதேபோலத் தமனியை விரிக்கும் சில்டெனாஃபில்லோடும் நெஞ்சுவலி நைட்ரேட் மாத்திரையோடும் சேர்த்துச் சாப்பிடவே கூடாது, பிரஷர் ஆபத்தான அளவுக்குச் சரியும். எந்த வழியானாலும் உறைவுத் தடுப்பு மாத்திரை ஆயுள் முழுக்க வேண்டும்.

இருமலுக்காக எடுத்த சி.டி.யில் 'மெயின் பி.ஏ. 31 மி.மீ., விரிந்துள்ளது' என்று இருக்கிறது. மூச்சு வாங்கல் எதுவும் இல்லை. எனக்குப் பல்மனரி ஹைப்பர்டென்ஷனா?
– வாசகர், ஈரோடு

இந்த எண்ணை வைத்து மட்டும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வில் ஆரோக்கியமானவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இந்த முதன்மைத் தமனி ஆண்களில் 29, பெண்களில் 27 மி.மீ.க்குள் இருந்தது. அப்படியென்றால் எந்த நோயும் இல்லாத பத்தில் ஒருவருக்கு அதைத் தாண்டியே இருக்கிறது! அளந்த இடமும் முக்கியம். தமனி இரண்டாகப் பிரியும் மட்டத்தில், அதன் நீளவாட்டுக்குச் செங்குத்தாக அளக்க வேண்டும். சாய்த்து அளந்தால் 2, 3 மி.மீ. கூடிவிடும். அதே வெட்டில் பக்கத்தில் இருக்கும் மகாதமனியை விடப் பெரிதா என்று பார்ப்பது இன்னும் உதவும், ஆனால் வயதானவர்களுக்கு மகாதமனியும் விரிந்திருப்பதால் அங்கே இந்த ஒப்பீடு ஏமாற்றும். நுரையீரல் தழும்பு நோயில் அழுத்தம் ஏறாமலே தமனி விரியும்.

தமனி 30 மி.மீ. தாண்டி, வலது கீழறை இடதை விடப் பெரிதாகி, அதன் வெளிவாசல் சுவரும் 6 மி.மீ. தடித்து, நடுச்சுவரும் வளைந்திருந்தால் சந்தேகம் பலம். உங்களுக்கு ஓர் எக்கோ போதும். அது நார்மல் என்றால் இதை விட்டுவிடலாம்.

அப்பாவுக்கு 67 வயது. இருபது வருடம் முன் டி.பி. வந்து குணமானது. வலது நுரையீரல் சுருங்கிவிட்டது. இப்போது கால் வீக்கம், எக்கோவில் பிரஷர் 58. சில்டெனாஃபில் கொடுக்கலாமா? எல்லா ஸ்கேனும் எடுக்க வேண்டுமா?
– வாசகர், விருதுநகர்

டி.பி.யில் சிதைந்த நுரையீரல், பல வருட பீடி, விறகடுப்புப் புகை ஆகியவற்றால் வரும் மூன்றாம் பிரிவை நம் ஊரில் நிறையவே பார்க்கிறோம். இங்கே முதல் ஸ்கேன், நுரையீரலை மெல்லிய வெட்டுகளில் நுணுக்கமாகக் காட்டும் ஹெச்.ஆர்.சி.டி. அதில் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றுவதில்லை. தழும்பு எவ்வளவு, காற்றுப் பைகள் எவ்வளவு அழிந்திருக்கின்றன என்று காட்டும். வி.க்யூ. எடுத்தால் சுருங்கிய பக்கத்தில் காற்றும் ரத்தமும் இரண்டும் குறைந்து 'மேட்ச்' என்று வரும். அதைக் கட்டி என்று படிக்கக் கூடாது. நல்ல பக்கத்தில் மிஸ்மேட்ச் தெரிந்தால் மட்டும் கவனிக்க வேண்டும்.

ஸ்கேனை விட முதலில் பார்க்க வேண்டியது ஆக்சிஜன். ஓய்வில் இருக்கும்போது விரல் கருவியில் 88 அல்லது அதற்குக் கீழ், அல்லது தமனி ரத்தப் பரிசோதனையில் 55 மி.மீ.க்குள் என்றால், நாளுக்குக் குறைந்தது 15 மணி நேரம் வீட்டில் ஆக்சிஜன் வைக்க வேண்டும். கால் வீக்கம் இருப்பதால் அப்பாவுக்கு 56 முதல் 59 இருந்தாலும் அது பொருந்தும். ஆக்சிஜன் குறைந்தால் நுரையீரல் தமனிகள் இறுகும். கொடுத்தால் அந்த இறுக்கம் தளரும்.

சில்டெனாஃபில்லை நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். காற்றே வராத பகுதிக்கும் அது ரத்தத்தைத் திறந்துவிட்டு, ஆக்சிஜன் அளவை இன்னும் கீழே இறக்கக் கூடும். சி.டி.யில் நுரையீரல் பாதிப்பு கொஞ்சமாகவும் அழுத்தம் அதற்குச் சம்பந்தமில்லாமல் மிக அதிகமாகவும் இருந்தால்தான் வேறு காரணத்தைத் தேடிப் போக வேண்டும்.

எனக்கு ருமாட்டிக் காய்ச்சலால் ஈரிதழ் வால்வு சுருங்கியிருக்கிறது. நுரையீரல் பிரஷர் 65. டாக்டர் நுரையீரல் ஸ்கேன் எதுவும் எழுதவில்லை. கேட்டு வாங்க வேண்டுமா?
– வாசகி, கள்ளக்குறிச்சி

தேவையில்லை. வால்வு ஒடுங்கியதால் இடது மேலறையில் ரத்தம் தேங்கி, அழுத்தம் பின்னால் நுரையீரலுக்கு ஏறியிருக்கிறது. காரணம் எக்கோவிலேயே தெரிகிறது. வால்வை பலூனால் திறந்தாலோ மாற்றினாலோ பெரும்பாலும் அழுத்தம் இறங்கும். வால்வைச் சரிசெய்யாமல் நுரையீரல் தமனியை விரிக்கும் மாத்திரை கொடுத்தால், ஒடுங்கிய வாசலுக்கு முன் ரத்தம் கூடுதலாகக் குவிந்து நுரையீரலில் நீர் கோக்கும்.

தங்கைக்கு 29 வயது. எக்கோ, சி.டி., வி.க்யூ. எல்லாம் ஆகிவிட்டது. கட்டி இல்லை என்று வந்தது. இனியும் 'கதீட்டர் போட்டுப் பார்க்க வேண்டும்' என்கிறார்கள். அது அவசியமா? ஆபத்தா?
– வாசகர், காரைக்கால்

அவசியம். இதுவரை எடுத்த எந்த ஸ்கேனும் அழுத்தத்தை அளக்கவில்லை. எக்கோ மதிப்பிட்டது, மற்றவை காரணத்தைத் தேடின. ஆண்டுக்கணக்கில் சாப்பிட வேண்டிய, விலை கூடிய மாத்திரைகளை ஆரம்பிக்கும் முன் நேரடி அளவு கையில் இருக்க வேண்டும்.

கழுத்திலோ கையிலோ தொடையிலோ உள்ள சிரையில் மரத்துப்போகும் ஊசி போட்டு, நுனியில் சிறு பலூன் உள்ள மெல்லிய குழாயை வலது இதயம் வழியாக நுரையீரல் தமனிக்குச் செலுத்துவார்கள். மயக்கம் கொடுப்பதில்லை. அனுபவமுள்ள மையங்களில் பெரிய சிக்கல் வருவது சுமார் 100ல் ஒருவருக்கு.

எழுதி வாங்க வேண்டிய எண்கள் மூன்று: தமனியின் சராசரி அழுத்தம், பலூனை ஊதி இடது பக்கத்தைக் கணிக்கும் 'வெட்ஜ்' அழுத்தம், நிமிடத்துக்கு இதயம் தள்ளும் ரத்தம். சராசரி 48, வெட்ஜ் 10, ரத்தம் 3.8 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், 48லிருந்து 10ஐக் கழித்து 3.8ஆல் வகுக்க வேண்டும். விடை 10 வுட் யூனிட், தமனியில் இருக்கும் தடையின் அளவு இது. 2க்கு மேல் போனாலே தமனியில் தடை கூடியிருக்கிறது. வெட்ஜ் 15ஐத் தாண்டினால் கதை மாறும், கோளாறு இடது இதயத்தில். அதனால் வெட்ஜ் தவறாக அளக்கப்பட்டால் நோயின் பிரிவே மாறிவிடும். பலூன் குழாயை முழுதாக அடைக்காமல் நின்றால் எண் கூடுதலாக வரும். அளவுகோலின் பூஜ்யத்தை நெஞ்சின் நடுமட்டத்தில் வைக்காவிட்டாலும், மூச்சை விட்டு முடிக்கும் தருணத்தில் படிக்காவிட்டாலும் தவறாகும்.

முதல் பிரிவு என்று உறுதியானால், நைட்ரிக் ஆக்சைடு வாயுவை உள்ளிழுக்க வைத்து அதே மேசையிலேயே ஒரு சோதனை செய்வார்கள். சராசரி அழுத்தம் குறைந்தது 10 இறங்கி 40க்குள் வந்து, ரத்த ஓட்டமும் குறையாமல் இருந்தால், விலை மலிவான கால்சியம் தடுப்பு மாத்திரையே அவருக்குப் போதுமானதாக இருக்கலாம். காரணம் தெரியாமல் வந்தவர்களுக்கும் பரம்பரையாகவோ சில மருந்துகளாலோ வந்தவர்களுக்கும் மட்டும்தான் இந்தச் சோதனை. அப்படிப் பலன் காட்டுபவர்கள் சிலரே. ஆனால் 29 வயதுக்காரருக்கு அதைக் கேட்காமல் விடக் கூடாது.

சி.டி.யைப் பற்றி இன்னும் ஒன்று கேளுங்கள். நுரையீரல் இடைச்சுவர்க் கோடுகள் தடித்திருக்கின்றனவா, நடுவில் பஞ்சுத் திட்டுகள் போல மங்கல் இருக்கிறதா, நெஞ்சு நடுவில் நெறிக்கட்டி வீங்கியிருக்கிறதா? இவை சேர்ந்து இருந்து, காற்றுப் பரிமாற்றத் திறனைக் காட்டும் டி.எல்.சி.ஓ. சோதனையும் மிகக் குறைவாக இருந்தால், அடைப்பு தமனியில் இல்லாமல் நுண்சிரைகளில் இருக்கலாம். அது அபூர்வமான நோய். வி.க்யூ.விலும் பிடிபடாது. அதற்குத் தமனியை விரிக்கும் மாத்திரை கொடுத்தால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். அதனால் முதல் மாத்திரைக்கு முன் அந்த ஹெச்.ஆர்.சி.டி. படத்தை இந்த நோயைத் தொடர்ந்து பார்க்கும் ரேடியாலஜிஸ்ட் ஒருவர் மறுபடி பார்த்துவிட வேண்டும். மாத்திரை தொடங்கிய சில நாளில் இரைப்பு கூடினால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றே கூட்டிப் போங்கள்.